நூறு டாலருக்கு நூறு பிராணிகள்

எங்கள் கன்றுக்குட்டியை விற்க ஏலக் கொட்டகைக்குள் நுழையும்போதே சபதம் செய்துவிட்டேன். இன்று என் இரண்டு கைகளும் கால்சட்டைப் பையை விட்டு வெளியே வராது. இடியே விழுந்தாலும் சரி.

காரணம் இருக்கிறது. எங்கள் மினசோட்டாவில் ஏலம் போடும் மெர்லுக்குக் கழுகுக் கண். மூக்கைச் சொறிந்தால் பன்றிக்குட்டி. தொப்பியைச் சரிசெய்தால் கன்றுக்குட்டி. போன வருஷம் நான் ஓர் ஈயை விரட்டினேன். ஓர் ஆட்டோடு வீடு திரும்பினேன்.

இந்த முறை பந்தயம் வேறு. கொல்லையில் புதிதாக ஒரு ஷெட் கட்டியிருக்கிறேன். என் மீன்பிடிப் படகுக்காக ஆசை ஆசையாய்க் கட்டியது. என் மனைவி லவானுக்கோ அதில் கோழி வளர்க்க வேண்டும்.

"கோழி வாங்காம நீ வீடு வந்து சேர்ந்தா ஷெட் உன் படகுக்கு. வாங்கிட்டா கோழிக்கு," என்றாள்.

"நீ கை தூக்கக் கூடாது!"

"தூக்க மாட்டேன். ஆனா நீ நம்ம கன்னுக்குட்டியை வித்ததும் ஓடிடக் கூடாது, டுவேன். கோழி ஏலம் முடியறவரைக்கும் உக்காரணும்."

இதைவிட சுலபமான பந்தயம் உண்டா? உட்கார்ந்தேன். லவான் ஆப்பிள் பை பலகாரம் ஒரு துண்டு வாங்கி வந்து நீட்டினாள்.

"ஊட்டி விடு," என்றேன்.

ஊரே பார்க்க ஊட்டினாள். நான் அசையவில்லை. கோழிக் கூண்டுகள் மேடைக்கு வந்தன. மெர்ல் மூச்சுவிடாமல் விலை கூவ ஆரம்பித்தார். லவான் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"பாவம், நம்ம கிர்ஸ்டன். ஹோம்வொர்க் வரலைன்னு ஒரே அழுகை. மாடு பத்து டாலர், பன்னி மூணு, கோழி அரை டாலர். மூணும் இருக்கணும். நூறு டாலருக்குச் சரியா நூறு பிராணி வாங்கணுமாம்."

"இவ்வளவுதானா?"

"உனக்கெல்லாம் வராது, விடு. பக்கத்துப் பண்ணை ரோஜரைக் கேட்டுக்கறேன்."

ரோஜரா! நான் எட்டாம் வகுப்பில் மாவட்டக் கணக்குப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவன். வந்ததே மூன்று பேர்தான் என்பது வேறு விஷயம்.

"ரெண்டு மாடு வச்சுக்குவோம்..."

"ஒத்து வராது. போட்டுப் பார்த்தேன்."

"மூணு?"

"ஊஹூம். ரோஜர் இந்நேரம் போட்டிருப்பான்."

எனக்கு வியர்த்தது. விரல் இல்லாமல் எனக்குக் கணக்கு ஓடாது. வலது கை எப்போது வெளியே வந்தது என்றே தெரியாது. இடது கையும் துணைக்கு வந்தது. மடக்கினேன், நீட்டினேன், மறுபடி மடக்கினேன். திடீரென்று மூளையில் விளக்கு எரிந்தது.

"அஞ்சு மாடு!" ஐந்து விரலையும் விரித்துத் தூக்கினேன். "அம்பது டாலர் போச்சா? ஒரே ஒரு பன்னி!" ஒற்றை விரல். "மிச்சம் தொண்ணூத்து நாலு கோழி, நாப்பத்தேழு டாலர்! நூத்துக்கு நூறு! எப்படி?"

"அடேயப்பா!" என்றாள் லவான். முகமெல்லாம் பூரிப்பு. இந்தப் பூரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று!

சுத்தியல் டொக்கென்று விழுந்தது.

"டுவேனுக்கு அஞ்சு கூண்டு! அப்புறம் ஒரு விரல் காட்டினாரே, அதையும் சேத்து ஆறு! அறுபது கோழி!"

வண்டியில் வரும் வழியெல்லாம் அறுபதும் என் பிடரிக்குப் பின்னால் கொக்கரித்தன. படகு இந்தக் குளிர்காலமும் பனியில்தான் கிடக்கும். ஆனாலும் ஒன்று. குழந்தையின் கண்ணீரைத் துடைத்தவன் நான். அந்தப் பெருமையை யாரும் பிடுங்க முடியாது.

வாசலில் கிர்ஸ்டன் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள்.

"கவலைப்படாதேடா கண்ணு! உன் ஹோம்வொர்க்கை அப்பா முடிச்சுட்டேன்!"

"எந்த ஹோம்வொர்க்?" என்றாள் மகள். "ஸ்கூலுக்கு லீவு விட்டே பத்து நாளாச்சேப்பா!"