ஓட்மார் என்ன சொல்கிறார்?

மிச்சம் ஆறு சதவீதம் இருந்தது.

கெர்லிண்டே திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். துடைத்த பிறகும் ஆறுதான்.

செவ்வாய்க்கிழமை காலை வந்த அலை. எங்கோ இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதிக்கொண்டன. அந்த அதிர்வை ஜெர்மனியில் ஹனோவருக்குத் தெற்கே, சர்க்கரைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே இருக்கும் கருவி பிடித்தது. அப்படி வரும் அலையின் வடிவத்தை முன்கூட்டிச் சொல்ல அங்கே வேலை செய்த குழுவிடம் நான்கு சூத்திரங்கள் இருந்தன. நான்கும் தோராயம்தான். வந்த அலையிலிருந்து சூத்திரம் சொன்ன அலையைக் கழித்தால் வெறும் இரைச்சல் மிஞ்சவேண்டும். மூன்றுக்கு அப்படியே மிஞ்சியது. ஆறு சதவீதம் மிஞ்சிய நான்காவது, ஓட்மாருடையது.

ஓட்மார் அவள் கணவர். ஏப்ரலில் இறந்துபோனார்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல ஓட்மாரைப் பட்டியல்லேருந்து எடுத்துடலாம்னு இருக்கேன்," என்றார் குழுத்தலைவர் ப்ரூன்ஸ். "மிச்சம் அஞ்சைத் தாண்டினா எடுக்கணும். நாமளே போட்ட விதி."

சூத்திரத்தை எழுதியவர் பெயராலேயே கூப்பிடுவது அங்கே வழக்கம். "ஓட்மார் என்ன சொல்றார்?" என்று யாராவது கேட்பார்கள். "முப்பத்தொரு சூரியன் எடைங்கறார்" என்று யாராவது பதில் சொல்வார்கள். அவர் இறந்து ஏழு மாதமாகியும் தினமும் கேட்டார்கள். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் கேட்கமாட்டார்கள்.

"டிராக்டரா இருக்கும்," என்றாள் கெர்லிண்டே. "அறுவடை நேரம்."

"உர்சல் டிராயர்ல இருக்கற உறையாக்கூட இருக்கலாம்," என்று ப்ரூன்ஸ் சிரித்தார்.

அது பழைய வேடிக்கை. குழு ஏமாறாமல் வேலை செய்கிறதா என்று பார்க்க, வருஷத்துக்கு ஒருவர் கருவிக்குள் பொய் அலை ஒன்றை ரகசியமாக ஏற்றி வைக்கலாம். ஏற்றாமலும் விடலாம். விவரம் ஒட்டிய உறைக்குள், செயலாளர் உர்சலிடம் இருக்கும். கூட்டத்தில் ஓட்டெடுப்பு முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். மூன்று வருஷமாக உள்ளே வெற்றுத்தாள்.

கெர்லிண்டே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள்.

"டாக்டரம்மா, செவ்வாய்க்கிழமை நான் பல்லைப் புடுங்கிட்டுப் படுத்திருந்தேன்," என்றார் விவசாயி ஹின்ரிக். வாயைத் திறந்து ஓட்டையையும் காட்டினார்.

"பரவாயில்ல. ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. மண்ணு எப்படி அதிருதுன்னு அளக்கணும்."

"இந்தச் சேத்துலயா?"

"இந்தச் சேத்துலதான்."

ஓட்டினார். டிராக்டர் புதைந்தது. அதை இழுக்க வந்த தம்பியின் டிராக்டரும் புதைந்தது. அன்று பகல் முழுவதும் கருவிக்கு வானம் கேட்கவில்லை. ஹின்ரிக்கின் வசவு மட்டும் பதிவாகியிருக்கலாம்.

அளந்த அதிர்வை வைத்துச் செவ்வாய்க்கிழமைப் பதிவைச் சுத்தம் செய்தாள். இரைச்சல் குறைந்தது. அதனால் மிச்சம் இன்னும் தெளிவாக நின்றது. ஒன்பது.

கருந்துளைகளின் எடையை மாற்றினாள். முன்பாதி அழகாகப் பொருந்தியது. முடிவு இன்னும் விலகிப்போனது. பதினான்கு.

சுற்றிவரும் வரைக்கும் ஓட்மாரின் சூத்திரம் பிசகாது. இரண்டும் ஒன்றாகும் கடைசிக் கணத்தில்தான் தடுமாறும். அவருக்கே தெரியும். "கடைசில நான் கொஞ்சம் உளறுவேன், கண்டுக்காதே," என்பார். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்.

உர்சல் காபி கொண்டுவந்து வைத்தாள். "விட்டுடுங்க, கெர்லிண்டே."

"உனக்கென்ன தெரியும்?"

உர்சல் பழைய கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை கெர்லிண்டே அலையின் வாலை, அந்தக் கடைசிக் கணத்தை, வெட்டினாள். ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். மிச்சம் இரண்டானது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக வீட்டில் சமைத்தாள். தட்டு இரண்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேஜையில் வெண்ணெய் கேக் இருந்தது.

"இதைத் துக்க வீட்டுலதானே சுடுவாங்க?" என்றாள் கெர்லிண்டே.

"கல்யாண வீட்டுலயும் சுடுவாங்க," என்றாள் உர்சல்.

ப்ரூன்ஸ் கெர்லிண்டேயின் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கெர்லிண்டே, இதுல அலை எங்க முடியுது?"

"முடியல."

"எல்லா அலையும் முடியும்."

யாரும் கேக்கைத் தொடவில்லை.

"வெட்டினதைச் சேர்த்தா எவ்வளவு?"

"பதினாலு."

ஓட்டெடுத்தார்கள். ஓட்மாரை எடுத்துவிட ஒவ்வொரு கையாக எழுந்தது, சிலது பாதி உயரத்துக்கே. கடைசியாக எழுந்தது கெர்லிண்டேயின் கை. அதுதான் நேராக நின்றது.

பிறகு வழக்கப்படி உர்சல் உறையையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்தாள். ப்ரூன்ஸ் வெட்டினார். உள்ளே இருந்தது வெற்றுத்தாள் இல்லை. படித்தார். மறுபடி படித்தார்.

"பொய் அலை," என்றார். "செவ்வாய்க்கிழமை வந்தது நிஜம் இல்ல. யாரோ தேதி குறிச்சு ஏத்தி வெச்சிருக்காங்க. கையெழுத்து..." நிறுத்திவிட்டுத் தாளை மேஜையின் குறுக்கே கெர்லிண்டேயிடம் தள்ளினார்.

அவள் அதைப் படிக்கவில்லை. முதல் எழுத்தின் சாய்விலேயே தெரிந்துவிட்டது.

"உறையை மார்ச்ல ஆஸ்பத்திரியில வெச்சு என்கிட்ட குடுத்தார்," என்றாள் உர்சல். "'நான் கண்டிப்பா தோக்கற மாதிரி ஒண்ணு போட்டிருக்கேன், இல்லேன்னா அவ என்னைப் போகவே விடமாட்டா'ன்னார்."