பூஜைத் தட்டில் இரண்டு பேட்டரி

ஷாதிபூர், போர்ட் பிளேர்.
29.9.2017, ஆயுத பூஜை, மாலை.

மரியாதைக்குரிய அன்பழகன் மச்சான் அவர்களுக்கு, மைத்துனன் ஜெகநாதன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், வைஜெயந்தி, பிள்ளைகள் இருவர், தியேட்டர் சர்வர் ஆகிய ஐவரும் நலம். அங்கே தங்கள் நலமும், மரகதம் அக்காவின் முழங்கால் நலமும், மதுரைக் கடையின் நலமும் அறிய ஆவல். போனில் சொல்லலாம்தான். ஆனால் இங்கே நல்ல செய்தி சொல்லும்போதெல்லாம் லைன் அறுந்துவிடுகிறது, இது பாதியில் அறுந்துபோகக் கூடாத செய்தி. மச்சான், நான் ஜெயித்துவிட்டேன்!

ஆறு வருஷமாக எங்கள் தியேட்டரில் ரீல் போய், சர்வர் என்கிற கம்ப்யூட்டர் பெட்டியில்தான் படம் ஓடுகிறது என்பது தங்களுக்குத் தெரியும். படம் பூட்டுப் போட்டு வரும். அதைத் திறக்கும் ரகசியம் சர்வரின் நினைவில் இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை கவலையில்லை. கரண்ட் இல்லாதபோது அந்த நினைவைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் எட்டணா அகலப் பேட்டரி ஒன்றுதான். அது செத்தால் சர்வருக்குத் தான் யார் என்பதே மறந்துபோகும், வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பி வாங்க இரண்டு மாதம் ஆகும். போன மாதம் பேட்டரி சாகப்போகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. முதலாளியம்மா சொர்ணம்மா அதிகம் பேசவில்லை. "தீபாவளிப் படம் ஓடலேன்னா சேரையெல்லாம் கழட்டிட்டுக் கல்யாண மண்டபம் ஆக்கிடுவேன். பஸ்!" என்றார். இந்த ஊர் வழக்கப்படி இந்தி கலந்துதான் பேசுவார், பஸ் என்றால் அவ்வளவுதான் என்று அர்த்தம். மண்டபத்தில் ஆபரேட்டருக்கு என்ன வேலை, பந்தியில் சாம்பார் வாளி தூக்குவதா? "அந்தத் தீவுல என்னடா கிடக்கு, என் கடையில வந்து ஸ்டூல்ல உக்காந்து பல்பு டெஸ்ட் பண்ணு" என்று தாங்கள் சொன்னதும் அப்போதுதான். அந்த ஸ்டூல் என் கனவில் மூன்று முறை வந்தது மச்சான்.

கூரியர்காரன் பேட்டரியை விமானத்தில் ஏற்ற மாட்டேன் என்று கைவிரித்ததும், தாங்கள் அதை முறுக்கு டின்னுக்குள் வைத்து, ஊருக்கு வந்திருந்த நம் ஒச்சப்பன் கையில் கொடுத்துக் கப்பலில் அனுப்பினீர்கள். கடல் சரியில்லை என்று கப்பல் ஐந்து நாள் தாமதம். இன்று காலைதான் வந்தான். முறுக்கை முடித்திருந்தான். பேட்டரியை விட்டுவைத்தானே, அதுவே பெரிது. அதன் முதுகில் தாங்கள் பச்சை மையில் பிள்ளையார் சுழி போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே "பழசையும் புதுசையும் ஒண்ணா வைக்காதே" என்று ஒரு சீட்டு. இருபது வருஷ ஆபரேட்டருக்கு இதை எழுத வேண்டுமா மச்சான்? சிரித்துக்கொண்டே போனேன்.

போனால் அங்கே பூஜை. காட்சி கிடையாது. ஜெனரேட்டருக்கு மாலை போட்டுப் பூட்டி, சாவியைச் சாமி படத்தின் முன்னால் வைத்தாயிற்று, விஜயதசமி அன்றுதான் எடுக்க வேண்டும். சொர்ணம்மா என்னைப் பார்த்ததும், "வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கணும். மிஷினை ஆஃப் பண்ணுடா" என்றார்.

"ஐயோ, ஆஃப் பண்ணினா செத்துரும்மா! பேட்டரி கடைசி மூச்சுல இருக்கு. கரண்ட் ஓடும்போதேதான் மாத்தணும்."

"அச்சா. அப்ப மிஷின் ஓடட்டும். அந்தப் பேட்டரியைக் கழட்டித் தட்டுல வை. புதுசையும் வை. பழசு ஆறு வருஷம் உழைச்சிருக்கு, அதுக்கு மரியாதை வேணாமா? தோ மினிட்தான்."

மறுக்க முடியவில்லை, நியாயமாகத்தான் பட்டது. கழற்றி வைத்தேன். இரண்டுக்கும் முன்னும் பின்னும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார். கற்பூரம் கொளுத்தியதுதான் தாமதம், கரண்ட் போய்விட்டது! உள்ளே பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. ஜெனரேட்டர் சாவி சாமியிடம். யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்துவிட்டது, அது பத்து நிமிஷம்தான் தாங்கும். "ஜல்தி, ஜல்தி!" என்று சொர்ணம்மா கற்பூரத் தட்டோடு குதிக்கிறார், நான் எரிகிற கற்பூரத்துக்குப் பக்கத்தில் கைவிட்டுப் புதுசை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டே மாடிக்கு ஓடினேன். துடைத்ததில் தங்கள் பிள்ளையார் சுழியும் சந்தனத்தோடு போய்விட்டது போலிருக்கிறது, காணோம். சரி, பிள்ளையார் உள்ளே இறங்கிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு செருகி மூடினேன். "பேட்டரி மாற்றியாயிற்றா?" என்று சர்வர் திரையில் கேட்டது. "ஆம்" என்று அழுத்தினேன். சிவப்பு விளக்கு அணைந்தது! ஏழாவது நிமிஷம் கரண்டும் வந்தது. சொர்ணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மண்டபம் கிண்டபம் எல்லாம் கிடையாதுடா, நீ இருக்கிற வரைக்கும் படம்தான்" என்றார். அழுதுவிட்டேன் மச்சான். இந்த இருபது வருஷத்தில் யாரும் என்னை இப்படிச் சொன்னதில்லை.

ஆகவே ஸ்டூலை வேறு யாராவது நல்ல பையனுக்குக் கொடுத்துவிடுங்கள். எனக்கு இனி அது தேவைப்படாது. ஆறு வருஷம் உழைத்த பழைய பேட்டரியை இத்துடன் அனுப்புகிறேன். கடையில் கண்ணாடி அலமாரியில் வைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் என் மைத்துனன் ஜெயித்த கதை என்று சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். அம்பிகை எல்லார் வீட்டு விளக்கையும் அணையாமல் காக்கட்டும்.

என்றும் தங்கள் சொல்படி நடக்கும்,
ஜெகநாதன்

பி.கு.: கவரில் ஒட்டுமே என்று பழைய பேட்டரியின் சந்தனத்தை இப்போதுதான் துடைத்தேன். முதுகில் பச்சை மையில் பிள்ளையார் சுழி இருக்கிறது. அது இருக்கட்டும் மச்சான், இதை எழுதும்போதே எங்கள் வீட்டில் கரண்ட் போய்விட்டது. இங்கே போனால் தியேட்டரிலும் போகும். ஸ்கூட்டருக்குக் காலையிலேயே பூஜை போட்டாயிற்று, நாளைக்குத்தான் எடுக்கணும் என்று வைஜெயந்தி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். தியேட்டர் இரண்டு கிலோமீட்டர், மேடு வேறு. நடுவில் ஒச்சப்பன் வீடு, கடிதக் கவரை மட்டும் தபாலில் சேர்க்கச் சொல்லி அவனிடம் போட்டுவிட்டு, பேட்டரியோடு அப்படியே ஓடுகிறேன். ஸ்டூலில் மட்டும் யாரையும் உட்கார வைத்துவிடாதீர்கள்.