புலி வீட்டில் வேலைக்கு வந்த வெள்ளாடு

ஒரு காட்டில் கோமளம் என்றொரு பெண்புலி இருந்தாள். அவளுக்கு உட்கார நேரமில்லை.

மூன்று குட்டிகள், மூன்று வகுப்புகள், மூன்று வாட்ஸ்அப் குழுக்கள். நாளைக் காலைக்குள் தெர்மாகோலில் எரிமலை செய்து அனுப்பு என்று ஒரு டீச்சர் கேட்பாள். வாஷிங் மெஷின் பாதியில் நின்று கத்தும். கணவன் கனகசபை வேட்டை முடிந்து வந்து, மானை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு, "காபி இருக்கா?" என்பான். உறுமுவதற்குக்கூட அவளுக்கு நேரம் ஒழியவில்லை.

ஒருநாள் குட்டியின் யூனிபாரத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பால் பாக்கெட்டை வாஷிங் மெஷினில் போட்டாள். மூடியும் விட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். காட்டையே நடுங்க வைக்கும் குலத்தில் பிறந்து, கேவலம் நாலு பாத்திரத்திடம் தோற்றுப்போனோமே என்று அவளுக்கு ஆற்றாமை.

வேலைக்கு ஆள் தேடினாள். புலி வீடு என்றதும் முயல் ஊரைவிட்டே போனது. குரங்கு, "எங்க வீட்டுக்காரர் ஒத்துக்கமாட்டாருக்கா" என்று மரத்தின் மேலிருந்தபடியே சொன்னது. கடைசியில் சின்னப்பொண்ணு என்ற வெள்ளாடு வந்தாள். நாலு வீடு பார்த்தவள். இடுப்பில் கைவைத்து அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எல்லா வேலையும் செய்வேங்க்கா. கறிச்சட்டி மட்டும் தேய்க்கமாட்டேன். அதுல எங்க சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்க."

"அதை நானே தேய்ச்சுக்கறேன்மா. நீ வந்தா போதும்" என்றாள் கோமளம்.

சின்னப்பொண்ணு வந்தாள், வீட்டில் தரை தெரிந்தது. கோமளம் பல வருஷங்களுக்குப் பிறகு காபியைச் சூடாகக் குடித்தாள். குடித்துவிட்டுப் பாறைமேல் ஏறி, காரணமே இல்லாமல் ஒரு தடவை உறுமினாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று குட்டிகள் ஓடி வந்தன.

"ஒண்ணுமில்லடா. நேரம் கிடைச்சுது."

நல்லது நாலு நாள் நிலைக்குமா? மழை பிடித்துக்கொண்டது. மானும் சிக்கவில்லை, பன்றியும் சிக்கவில்லை. கனகசபை வெறும் வயிற்றோடு திரும்பி வந்தான். சின்னப்பொண்ணு குனிந்து கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் பார்வை அவளுடைய தொடையில் போய் நின்றது.

"கோமளம், வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு நான் ஏன் மழையில அலையணும்?"

கோமளம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தாராளமா சாப்பிடுங்க. நாளையிலேர்ந்து பெருக்கறது, துடைக்கறது, பாத்திரம் எல்லாம் நீங்க. நடுவுளவனோட எரிமலையும் நீங்கதான்."

கனகசபை பாத்திரம் கழுவும் தொட்டியை மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பாத்திரக் குவியலின் மேலே முந்தின நாள் குக்கர் கிடந்தது.

"என்னைச் சாப்பிட்ட தட்டையும் நீங்கதான் கழுவணும், அய்யா" என்றாள் சின்னப்பொண்ணு.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா" என்று கனகசபை சிரித்தான். பல் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது.

சின்னப்பொண்ணு துணியை வாளியில் போட்டாள். "நான் வர்றேங்க்கா. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குப் பசிக்கும். இவரை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு எதை நம்பி நான் குனியறது?"

அவள் வாசலை நோக்கி நடந்தாள். கோமளம் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். கண்ணில் நீர். வாய் வார்த்தையெல்லாம் இனி செல்லாது என்று அவளுக்குத் தெரியும். சின்னப்பொண்ணின் பையிலிருந்த டிபன் டப்பாவை வாங்கித் திறந்து, கணவன் முன்னால் வைத்தாள். டப்பா நிறைய அறுகம்புல்.

"சாப்பிடுங்க."

"கோமளம், நான் புலி."

"தெரியும். சாப்பிடுங்க. அவ பார்க்கட்டும்."

கனகசபை தொட்டியைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். ஒரு வாய் எடுத்து மென்றான். கஷ்டப்பட்டு விழுங்கினான். சின்னப்பொண்ணு கண் கொட்டாமல் நின்றாள். டப்பா காலியாகும்வரை அவள் வாளியைத் தொடவில்லை.

"நாளைக்குக் கொஞ்சம் உப்பு போட்டுக் கொண்டா" என்றான் கனகசபை.

நீதி: புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொல்லிவைத்த மகான் வீட்டில், வேலைக்காரம்மா ஒருநாள்கூட "நான் வர்றேன்" என்று கிளம்பியதில்லை.