தெற்கே திருப்பிய கண்ணாடி

அன்பு மருமகளுக்கு மாமனார் எழுதுவது. கடைக்கூரையைத் தவிர இங்கே எல்லாரும் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் மாமியார் கேட்கிறாள். நானும் கேட்டதாக வைத்துக்கொள்.

நீ முதன்முதலாகத் தனியாக வரைந்த கட்டடம் நம் துணிக்கடை. உங்கள் அலுவலகப் பெரியவர் வியாழக்கிழமை வந்து அதைப் பார்த்த பிறகுதான் உனக்குப் பெரிய வேலை கொடுப்பதா என்று முடிவு செய்வார் என எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால், கூரைக் கண்ணாடி வடக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டிருந்தாய். நீ வேலைக்குத் திரும்பிப் போன மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு, "அதைத் தெற்கே திருப்புய்யா" என்றேன். "படம் போட்ட அம்மா வடக்குன்னு சொன்னாங்களே" என்றார். "வெயில் எந்தப் பக்கம்?" "தெற்கே." "சும்மா கிடைக்கிறதுக்கு எவனாவது முதுகைக் காட்டுவானா?" என்று கேட்டேன். வியாபாரி புத்தி அம்மா அது. அதே கண்ணாடி, அதே கூலி, இரண்டு மடங்கு வெளிச்சம் என்று நினைத்தேன்.

புதுக் கட்டடத்தில் கடை திறந்த நாளிலிருந்து உள்ளே ஒரு வெயில் துண்டு குடிவந்துவிட்டது. பாய் அகலம் இருக்கும். காலையில் மேற்குச் சுவரில் இறங்கி, யாரையும் கேட்காமல் தரையில் நடந்து, உச்சி வேளைக்கு என் மேஜையில் ஏறி, என் வழுக்கையில் சற்று இளைப்பாறும். எதிரே நிற்பவர்கள் என் முகத்தை விட்டுவிட்டுத் தலையைப் பார்த்தே பேசுகிறார்கள். அங்கிருந்து திரைச்சீலை அலமாரிக்குப் போகும். நீலத் துணி ஒரு பக்கம் சாம்பலாகிவிட்டது. நம் விற்பனையாள் அதை "ரெண்டு கலர் டிசைன்" என்று தள்ளப் பார்த்தான், வாங்க வந்த அம்மாள் "வெயில் பட்ட இடத்துல மட்டும் டிசைனா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டாள். மூன்று மணிக்குக் கிழக்கு மூலையில் வெள்ளைத் துணிக்கட்டுகள்மேல் ஏறும் பார், அப்போது கடை கடையாகவே இருப்பதில்லை. சுவரெல்லாம் வெளிச்சம் கசியும், தூசிகூட விழ மனமில்லாமல் மிதக்கும், கத்தரிக்கோல் பிடித்தவன் பாதித் துணியில் நின்றுவிடுவான். நேற்று ஒருவர் விடாப்பிடியாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார், நானும் விடவில்லை, வெயில் நகர்ந்து வந்தது. "நீங்க எவ்வளவு சொன்னீங்க?" என்றார். "நீங்க எவ்வளவு கேட்டீங்க?" என்றேன். இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. "இப்படியே கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேனே" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. முப்பது வருஷத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் இப்படி நான் தோற்றதில்லை.

ஆகவே, கோபிக்காமல் கேள். பெரியவர் விசாரித்தால், கொத்தனார் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார் என்று இருவரும் ஒரே வாயாகச் சொல்லிவிடுவோம். அவருக்குப் பெரிய மீசை, பழியைத் தாங்கும். அவரிடமும் பேசிவிட்டேன். "சரி முதலாளி, ஆனா எனக்கு வடக்கு தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் வீட்டுக்காரனிடம் சொல்லாதே, சிரிப்பான்.

நீ எழுப்பும் சுவரெல்லாம் நேராக நிற்கட்டும், நீயும் அப்படியே நில்.

ஆசியுடன்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதே உங்கள் பெரியவர் வந்து நின்றார், இரண்டு நாள் முன்னாலேயே! கூரையைப் பார்த்தார், சாம்பலான நீலத்தைப் பார்த்தார், "இதைத் தெற்கே வச்சது யாரு? வரைஞ்சவங்களா?" என்றார். கூரையைப் பார்க்க வந்திருந்த கொத்தனார் பழியேற்கத் தொண்டையைக் கனைத்தார். எனக்குள் என்ன புகுந்ததோ, "நான்தான் சார், பேராசை. எங்க மருமக வடக்குன்னுதான் போட்டிருந்தா" என்று வரைபடத்தை விரித்துவிட்டேன். அம்புக்குறிமேல் விரலை வைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "துணி வெளுக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சரியாத்தான் யோசிச்சிருக்கு. அடுத்த கட்டடத்தை அவகிட்டயே கொடுக்கலாம்" என்றார். கிளம்புகிறேன் என்றவர், மணி மூன்றானதும் உட்கார்ந்தார், நாலரைக்குத்தான் எழுந்தார். எனவே நீ பொய் எதுவும் சொல்ல வேண்டாம். நாளை கண்ணாடியை வடக்கே திருப்புகிறோம். தெற்கே ஒரு சாண் மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த வெள்ளைத் துணி மூலைக்கு. அதில் நீ கை வைக்கக் கூடாது. வெள்ளை வெளுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?