சுவருக்கு லூசு விட்ட மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மகளைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள், குழந்தை மூவரும் சௌக்கியம். நீங்களும் அத்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன். போனில் பேசினால் பாதியில் "சரி வைக்கட்டுமா, கடைல ஆள் நிக்குது" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படியுங்கள்.

என் வேலை என்னவென்று நான்கு வருடமாகச் சொல்லிவருகிறேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன். முகம் தெரியாத ஒருவர் தம் அறையைப் படம் பிடித்து, அளவெடுத்து, கம்பெனியின் ஆப்பில் போடுவார். கட்டில் எங்கே, அலமாரி எங்கே, சுவருக்கு என்ன நிறம் என்று நான் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். வரைவதற்குக் காலணா கிடையாது. அவர் அந்தச் சாமான்களைக் கம்பெனியிடமே வாங்கி, பத்து நாள் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தால்தான் எனக்குக் கமிஷன். மூன்று மாதம் ஒரு விற்பனையும் நிற்காவிட்டால் என் கணக்கையே மூடிவிடுவார்கள். இரண்டு மாதம் போய் மூன்றாவது ஓடிக்கொண்டிருந்ததை உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டாள். நீங்களும் உடனே போன் செய்து, "கவலைய விடுங்க மாப்பிள்ள, எங்க பெட்ரூமையே செஞ்சிடுவோம். அப்படியும் சரிப்படலன்னா நம்ம தையக்கடைலயே வந்து பில் போடுங்க, ஃபேனுக்குக் கீழ சீட்டு" என்றீர்கள். முதல் பாதிக்கு நன்றி சொன்னேன். இரண்டாம் பாதியைக் கேட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் பெட்ரூமைப் பதினோரு தடவை வரைந்தேன். நீங்கள் படத்தைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினீர்கள். யூனிஃபார்ம் தைக்க வந்த அம்மா மஞ்சள் கண்ணைக் கூசும் என்றாராம், மாற்றினேன். ஜிப் மாற்ற வந்தவர் கட்டிலைத் திருப்பச் சொன்னாராம், திருப்பினேன். உங்கள் கடையில் பட்டன் காஜா எடுக்கிறவர், "ஜன்னல இந்தப் பக்கம் வெச்சா நல்லாயிருக்கும்" என்றதையும் எனக்கு அனுப்பி வைத்தீர்கள். ஜன்னல் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது மாமா, என் படத்தில் நகர்த்தினால் அது நகராது. இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். வாடிக்கையாளரை நேரில் போய்ப் பார்த்தால் கணக்கு ரத்து என்பது கம்பெனி விதி. மாமனாராக இருந்தாலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தானே என்று பயந்து இந்த மாதம் முழுக்க உங்கள் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அத்தை கோபித்துக்கொண்டதாகக் கேள்வி.

நேரில் வரமுடியாததால்தான் உங்களையே அளவெடுக்கச் சொன்னேன். நாற்பது வருடமாக டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கும் மனிதரிடம் அளவைச் சந்தேகப்படலாமா? சுவருக்குச் சுவர் எண்பத்தெட்டு அங்குலம் என்று எழுதினீர்கள். ஒரு அங்குலம் குறைத்து எண்பத்தேழில் அலமாரி போட்டேன். முழுசாகப் பொருத்தியே வரும் ரகம். நான்கு பேர் தூக்கிவந்து நுழைத்தால் அது ஒரு பக்கச் சுவரில் இடித்து, மறு பக்கம் கதவை அடைத்துக்கொண்டு, இந்தண்டையும் போகாமல் அந்தண்டையும் வராமல் நின்றுவிட்டது. உள்ளே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வழிகாட்டிய அத்தை ஒன்றரை மணி நேரம் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். சுவர் எண்பத்து நாலுதான் மாமா. மீதி நாலு எங்கிருந்து வந்தது என்று போனில் கேட்டால் நீங்கள் நிதானமாக, "பக்கத்துக்கு ரெண்டு இஞ்ச் லூசு விட்டுத்தான் மாப்பிள்ள எழுதினேன். பிடிச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்கிறீர்கள்.

யாராவது சுவருக்கு லூசு விடுவாங்களா மாமா? சுவர் என்ன, நாளைக்குத் தொப்பை போடப்போகுதா? இதுல "அலமாரிய ஆல்டர் பண்ண முடியாதா"ன்னு ஒரு கேள்வி வேற. முடியாது. ஓரம் பிரிச்சுத் தைக்க அது பேன்ட் இல்ல. சரி, திருப்பி அனுப்பினீங்க, போகட்டும். ஆப்புல காரணம் கேட்டா "அளவு தவறு"ன்னு போட்டிருக்கீங்க. அளவு யார் குடுத்தது? அதுக்கும் மேல அஞ்சுக்கு மூணு நட்சத்திரம் குடுத்துட்டு, "பையன் நல்ல பையன். தொழில் இன்னும் பழகணும்"னு ஊர் பூரா பார்க்கற மாதிரி எழுதியிருக்கீங்க. ஏம்ப்பா மூணுன்னு உங்க மக கேட்டதுக்கு, "அஞ்சும் குடுத்துட்டா அப்புறம் எங்க வளருவார்? கொஞ்சம் இடம் விட்டிருக்கேன்"னு சொன்னீங்களாம். எனக்கு நாப்பத்தோரு வயசு. நான் வளர்ந்து முடிச்சு ரொம்ப நாளாச்சு.

மாதக் கடைசி இன்றுதான். கணக்கு போனால் போகட்டும். ஆனால் ஒன்று, நான் உங்கள் கடைப் படியேறி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, பில் புத்தகத்தைத் திறப்பேன் என்று மட்டும் கனவு காணாதீர்கள். எனக்கு வரையத் தெரியும். இந்த ஜென்மத்தில் அந்தப் படியை மிதிக்க மாட்டேன்.

அத்தையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்களைச் சுமாராக விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். குழந்தை தாத்தாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னது, அதைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை.

இப்படிக்கு,
மன வருத்தத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போதே கம்பெனியிலிருந்து செய்தி வந்துவிட்டது. கணக்கை மூடிவிட்டார்கள். நான்கு வருடத்துக்கு இரண்டே வரி. கொஞ்ச நேரம் அழுதேன், உங்கள் மகளிடம் சொல்ல வேண்டாம். அப்புறம் ஒரு போன். உங்களிடம் கோட் தைக்கக் கொடுத்திருக்கும் பல் டாக்டரம்மா. "உங்க மாமனார் அந்த ரூம் படத்த ஃப்ரேம் போட்டுக் கடைல மாட்டியிருக்காருங்க. துணி குடுக்க வந்தா படத்தக் காட்டாம அளவே எடுக்க மாட்டேங்கறார், எங்க மாப்பிள்ள வரைஞ்சதுன்னு. என் கிளினிக்க வரைஞ்சு குடுங்க, வரையறதுக்கே பணம் தர்றேன்" என்றார். அலமாரியைத் திருப்பி அனுப்பிய நீங்கள் படத்தை வைத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இனி யாரை வேண்டுமானாலும் நான் நேரில் போய்ப் பார்க்கலாம், கேட்க ஆளில்லை. தபால் தலை வாங்கவில்லை. நாளைக் காலை கடை திறக்கும்போது இதை நானே கொண்டுவந்து தருகிறேன். டாக்டரம்மாவின் கிளினிக்குக்குச் சேர்ந்தே போவோம். டேப் என்னிடம் இருக்கிறது, நீங்கள் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.