தியாகேசன் வாங்கிய ஸ்டேட்டஸ் கோ

“வண்டிய எடுறா மொதல்ல!”

தியாகேசன் கத்திய கத்தலில் வயலில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன. தம்பி ராம்கி கொண்டுவந்த பொக்லைன் மட்டும் அசையவில்லை. இருவர் வயலுக்கும் நடுவிலிருந்த வரப்பை வெட்டி, அந்த மண்ணைத் தியாகேசனின் வடிகாலில் கொட்டிவிட்டு, பாதி வேலையில் அதன் மேலேயே நின்றது. நேற்றைய மழையில் அவர் நட்ட சம்பாப் பயிர் மூழ்கிக்கொண்டிருந்தது.

“எப்படிண்ணே எடுக்கறது? நீதானே ஸ்டேட்டஸ் கோ வாங்கியிருக்க?”

தம்பி வரப்பில் கை வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டதுமே, ஏன் எதற்கு என்று கேட்காமல், மன்னார்குடி வக்கீல் ஜோசப்ராஜிடம் ஓடி வாங்கிய கோர்ட் உத்தரவு அது. “லத்தீன் வார்த்தைங்க. இருக்கறது இருக்கறபடியே இருக்கணும். ஒரு பிடி மண்ணு நகரக் கூடாது” என்று வக்கீல் சொன்னபோது என்னமாய் இனித்தது!

பல்லைக் கடித்துக்கொண்டு மண்வெட்டியால் தானே வடிகாலைத் தோண்டினார். ராம்கி செல்போனை நீட்டினான்.

“கோர்ட் அவமதிப்புண்ணே. கொஞ்சம் நிமிரு, வீடியோவுல மூஞ்சி தெரியல.”

மண்வெட்டியை விசிறி எறிந்துவிட்டு, டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து தண்ணீரை இறைத்தார். அது ராம்கி வயலில் போய் விழுந்தது. அதற்கும் ஒரு வீடியோ.

வக்கீலுக்குப் போன் போட்டார்.

“ஐயையோ, நிறுத்துங்க! அந்த உத்தரவு உங்களுக்கும் சேத்துதாங்க.”

“அப்ப ரத்து பண்ணுய்யா!”

“தீபாவளி லீவு முடியட்டுமே.”

“அதுக்குள்ள பயிர் அழுகிடும்! அந்த லத்தீன்காரன் ஒரு நாளாவது சேத்துல எறங்கியிருப்பானா?”

உடம்பெல்லாம் எரிய வீட்டுக்கு வந்து சோறு கேட்டார். மனைவி அமிர்தம் எழுந்திருக்கவே இல்லை.

“கூடப்பொறந்தவன ஒரு வார்த்தை கேக்காம கோர்ட்டுக்குப் போனீங்கல்ல? அரிசி டின்னுல இருக்கு. இருக்கறபடியே இருக்கட்டும்.”

“நீயுமாடி?” என்று அவர் பாய்ந்தபோது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. நிறைய சிமெண்டுக் குழாய்கள். அதிராம்பட்டினத்திலிருந்து வந்த டிரைவர் மூஸா வழி கேட்க எட்டிப்பார்த்தார்.

“எதுக்குய்யா இது? எவன் வரப்பை வெட்டறதுக்கு?” என்று தியாகேசன் அவர்மேல் விழுந்தார்.

மூஸா பயந்துபோய்ச் சொன்னார்:

“ராம்கி அண்ணன் ஆர்டருங்க. அவங்க அண்ணன் வயலு வருசாவருசம் முங்குதாம், தன் வயல் வழியா தண்ணிய வடிய விடப்போறாராம்.”