ஊற்றுக்கு மேலே நின்ற பொக்லைன்

பொக்லைன் வாளிக்குள் கிடந்த சரளைக்கல் மேல் ஆட்காட்டிப் பறவை மூன்று முட்டை இட்டிருந்தது. பழுப்பு நிறம், கறுப்புப் புள்ளி. டிரைவர் சாவியை உருவிச் சமாதானத்தின் கையில் கொடுத்துவிட்டு, நிழல் பார்த்துப் படுத்துவிட்டார்.

சமாதானம் என்பது பட்டப்பெயர். கல்குவாரிக் கம்பெனிக்கும் மலைமக்கள் சங்கத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் அவன் உத்தியோகம். மலையை இரண்டு தரப்பும் சேர்ந்து பார்த்துக்கொள்வது என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. பறவை முட்டையிட்ட இடத்தில் குஞ்சு பறக்கும்வரை வேலை நடக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. மறுநாள் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. பொக்லைனுக்குக் கீழே இருக்கும் ஊற்றைத் தொடாதீர்கள் என்று சங்கம் கேட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று கம்பெனி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மேனேஜர் அவன் மனைவியின் அண்ணன். போனில் வந்தார்.

"மாப்ளே, முட்டைக்கு ஏதாவது ஆகி நாளைக்குக் கையெழுத்து ஆகலேன்னா உனக்கு இங்க வேலை இல்ல. தங்கச்சி முகத்துக்காக எத்தனை தடவைதான் பொறுத்துக்கறது?"

"முட்டைக்கு ஒண்ணும் ஆகாது மச்சான். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டதுதான் தப்பு. காக்கா வருமே என்று வாளி மேல் வலை கட்டினான். வலையைக் கண்டு தாய்ப்பறவை மிரண்டது. தூரத்தில் நின்று கத்தியதே தவிர, கிட்டே வரவில்லை.

"அதை எடுங்க சார். முட்டை ஆறிப்போயிடும்," என்றார் டிரைவர்.

எடுத்தான். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வாளியில் உடைந்த ஓடுதான் கிடந்தது.

"காக்கா தின்னுடுச்சுன்னு சொல்லிடலாமா?"

"சொல்லுங்க. கையெழுத்துப் போடுற அன்னிக்குப் பார்த்து, கம்பெனி வண்டியில காக்கா வந்து தின்னுச்சுன்னு சொல்லுங்க. கேட்டா எனக்கே சிரிப்பு வருது."

சமாதானம் கேண்டீனுக்கு ஓடினான். மாஸ்டர் முதுகைக் காட்டி நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்துக் கூடையிலிருந்து மூன்று முட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வெதுவெதுப்பாக இருந்தன. அதுவும் நல்லதுதான், அடைகாத்த மாதிரி இருக்கும். டீத்தண்ணீரில் முக்கி, பேனா மையால் புள்ளி வைத்து, வாளியில் அடுக்கினான்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

"தயவுசெஞ்சு பேசாம நில்லுங்க."

தலைமை ஆபீஸ் பெரியவர் காரில் வந்து இறங்கினார். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் சங்கத் தலைவி, கேண்டீன் பக்கமிருந்து டீ கிளாசோடு வந்தார். வாளிக்குள் குனிந்து முட்டைகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சமாதானத்தைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவன் யோசிக்க ஆரம்பித்தான்.

"கொஞ்சம் பெரிசா இருக்கே தம்பி?"

"ஒப்பந்தம் வந்ததுலேருந்து இதுகளுக்குத் தீனி நல்லா கிடைக்குதுக்கா."

அக்கா விரல் நுனியால் ஒன்றைத் தொட்டார். "சூடா இருக்கு."

"தாய் இப்பத்தான் எழுந்து போச்சு."

பெரியவர் நெகிழ்ந்துபோனார். போட்டோக்காரரைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"அப்போ ஒண்ணு சேர்த்து எழுதிக்கலாம்," என்றார் அக்கா. "இந்த முட்டை பொரிஞ்சு குஞ்சு பறக்குற வரைக்கும் வண்டி இங்கேருந்து நகரக் கூடாது. ஊத்துப் பக்கம் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது."

"அதனால என்னம்மா, ஒரு மாசம் ஆகுமா? இருக்கட்டும்," என்று சிரித்துக்கொண்டே பெரியவர் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மேனேஜர் அவன் தோளை அமுக்கினார். "பொழைச்சே மாப்ளே."

கார்கள் போன பிறகு சமாதானம் கேண்டீன் பெஞ்சில் போய் விழுந்தான். மாஸ்டர் டீயை அவன் முன்னால் வைத்தார்.

"அவிச்சு வச்ச முட்டையில மூணை நீங்க அள்ளிட்டுப் போனதை ஓரக்கண்ணால பார்த்துட்டுக் காலையிலேயே அக்காகிட்டச் சொன்னேன் சார். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கையெழுத்து ஆகுற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க."